சிங்கப்பூர்க் கிண்ணப் பருவம் ஒன்றைக் குறிப்பேட்டில் பதிவுசெய்வது எப்படி

2022ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது யார் என்று கேட்டால், காற்பந்தில் சிறிதளவு ஆர்வம் உள்ளவர்கூட ஹவ்காங் யுனைடெட் என்று சொல்லிவிடுவார். இறுதியாட்டத்தில் தெம்பினிஸ் ரோவர்சை 3-2 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி அக்குழு தன் வரலாற்றின் முதல் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதே பருவத்தில் மற்றக் குழுக்கள் எந்த ஆட்டத்தோடு வெளியேறின, அந்த ஆட்டத்தில் யார் கடைசியாகக் கோல் போட்டார், எத்தனை பேர் மழையில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. தோற்ற குழு வெளியேறிவிடும் நாக்-அவுட் போட்டியில் ஒரு குழுதான் வெல்கிறது. மற்ற எல்லாக் குழுக்களுக்கும் கிண்ணப் பருவம் ஏதோ ஓர் இரவில் முடிந்துபோகிறது. அந்த இரவுகளையும் சேர்த்து எழுதி வைப்பதற்காகத்தான் நான் பருவந்தோறும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதை எப்படி அமைப்பது என்பதை, இந்தப் பருவமே தொடங்க நினைக்கும் ஒருவருக்குப் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

முதலில் குறிப்பேடு. கெட்டி அட்டை போட்ட, கோடிட்ட, 120 பக்கங்களுக்குக் குறையாத ஏடு போதும். பேனாவைவிடப் பென்சிலே நல்லது. இங்கு கிண்ணப் போட்டியின் பிற்பகுதி பல ஆண்டுகளில் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே, அதாவது வடகிழக்குப் பருவமழை நெருங்கும் அல்லது பெய்யும் காலத்தில் நடந்திருக்கிறது. பேனா மையால் எழுதிய என் பக்கங்கள் ஒருமுறை அரைமணி நேரச் சாரலில் நீலக் கறையாகிப் போயின, பென்சிலால் எழுதிய பக்கங்களோ நெளிந்தாலும் இன்றும் படிக்கும்படி இருக்கின்றன. கைத்தொலைபேசியில் எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஆட்டம் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோலைப் பார்க்க முடியாது என்பதே. தாளில் குறிக்கும்போது கண் ஆடுகளத்திலேயே இருக்கும்.

விதிப் பக்கம்

முதல் பக்கத்தில் எந்தக் குழுவின் பெயரும் வேண்டாம். அந்தப் பருவத்தின் விதிகளை எழுதுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பக்கம் இதுதான். பத்து ஆண்டுகள் கழித்துக் குறிப்பேட்டைத் திறக்கும்போது, ஏன் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள், ஏன் கூடுதல் நேரம் இல்லாமல் நேராகப் பெனால்டிக்குப் போனார்கள் என்ற கேள்விகளுக்கு இந்தப் பக்கம் மட்டுமே விடை தரும்.

கிண்ணப் போட்டிகளின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. உலகின் மிகப் பழைய நாக்-அவுட் போட்டியான இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1871-72 பருவத்தில் 15 குழுக்களோடு அது தொடங்கியபோது, கிளாஸ்கோவிலிருந்து வந்த குயின்ஸ் பார்க் குழு ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே அரையிறுதிவரை முன்னேறியது. அரையிறுதியில் வாண்டரர்சுடன் கோலின்றிச் சமநிலை கண்டபின், மறு ஆட்டத்துக்காக மீண்டும் லண்டன் வரப் பணம் இல்லாமல் விலகிக்கொண்டது. வாண்டரர்ஸ் இறுதிக்குப் போய் ராயல் எஞ்சினியர்சை 1-0 என வென்றது. வெறும் முடிவுப் பட்டியலில் இது வாண்டரர்சின் முன்னேற்றமாக மட்டுமே தெரியும். சமநிலையானால் மறு ஆட்டம் என்ற விதியையும், வராத குழு விலகியதாகக் கொள்ளப்படும் என்பதையும் எழுதி வைத்திருந்தால்தான் நடந்தது புரியும். அதே போட்டியில், தகுதிச் சுற்றுகளுக்குப் பின் வரும் முதல் முதன்மைச் சுற்றிலிருந்து மறு ஆட்டமே இல்லை என்ற முடிவு 2024-25 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூர்க் கிண்ணமும் அப்படியே. 1998இல் தொடங்கிய இப்போட்டி சில பருவங்களில் முதல் சுற்றிலிருந்தே நாக்-அவுட் முறையில் நடந்தது. அண்மைக்காலத்தில் முதலில் பிரிவு ஆட்டங்களும் பிறகு அரையிறுதி, இறுதி எனவும் நடந்திருக்கிறது. ஆகவே பிரிவுச் சுற்று உண்டா, உண்டெனில் புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படுமா அல்லது நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தின் முடிவு பார்க்கப்படுமா, அரையிறுதி ஒரே ஆட்டமா இரண்டு ஆட்டங்களா, வெளியிடத்தில் போட்ட கோலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டா, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் உண்டா, எத்தனை மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம், எத்தனை மஞ்சள் அட்டைகளுக்கு ஓர் ஆட்டத் தடை என்பனவற்றைச் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் அறிவிப்புகளைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வெளியிடக் கோல் விதியை ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் 2021இல் கைவிட்டபின் பலரும் அது எங்கும் இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படி எண்ணிக்கொண்டு எழுதாதீர்கள், அந்தப் போட்டியின் விதியைப் பாருங்கள்.

பருவத்தின் பெயரையும் இதே பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். நம் லீக் நெடுங்காலம் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் முடிந்துவந்தது; பிறகு இரண்டு ஆண்டுகளைத் தழுவும் பருவமாக மாறியது. லயன் சிட்டி செய்லர்ஸ் வென்ற 2024-25 கிண்ணத்தின் இறுதியாட்டம் 2025 ஜூலையில் நடந்தது. ‘2024 கிண்ணம்’ என்று எழுதினால் அப்படி ஒரு போட்டியே இல்லை. 2020இலும் 2021இலும் கொவிட்-19 காரணமாகப் போட்டி நடக்கவில்லை என்பதையும், தொடர்ச்சியாக ஏடுகள் வைத்திருப்பவர்கள் ஒரு வரியில் குறித்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு ஏடுகள் தொலைந்துவிட்டதாகப் பின்னால் வருபவர்கள் தேடுவார்கள்.

கணக்குப் பக்கம்

குலுக்கல் முடிந்ததும் ஆட்ட அட்டவணையை வரைந்து, மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். சமநிலைக்கு மறு ஆட்டம் இல்லாத, ஒரே ஆட்டத்தில் முடியும் நாக்-அவுட் போட்டியில் கணக்கு மிக எளிது: ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு குழு வெளியேறுகிறது, கடைசியில் ஒன்றே மிஞ்சுகிறது, ஆகவே குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. 16 குழுக்களுக்கு 15 ஆட்டங்கள். 12 குழுக்கள் என்றால் 11 ஆட்டங்கள். ஆனால் 12ஐ இரண்டிரண்டாகப் பாதியாக்கிக்கொண்டே போனால் மூன்றில் வந்து நிற்கும் என்பதால், அப்படிப் பாதியாக்கினால் ஒன்றில் வந்து முடியும் அடுத்த எண்ணான 16க்கு எத்தனை குறைகிறதோ அத்தனை குழுக்கள், அதாவது 4 குழுக்கள், முதல் சுற்றில் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் செல்லும். அந்த நான்கின் பெயர்களுக்கு எதிரே ‘ஆடாமல் முன்னேற்றம்’ என்று எழுதுங்கள். ‘வெற்றி’ என்று எழுதாதீர்கள்.

எட்டுக் குழுக்கள் நான்கு நான்காக இரண்டு பிரிவுகளில் ஒருமுறை மோதினால் ஒரு பிரிவுக்கு 6, ஆக மொத்தம் 12 ஆட்டங்கள். ஒற்றை ஆட்ட அரையிறுதிகள் இரண்டு, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று என்று சேர்த்தால் 16. அரையிறுதி இரண்டு ஆட்டங்களாக இருந்தால் 18. இந்த எண்ணை ஏட்டின் முதல் பக்கத்து மூலையில் எழுதி வட்டமிட்டு வைத்தால், பருவ முடிவில் உங்கள் ஏட்டில் எத்தனை ஆட்டப் பக்கங்கள் குறைகின்றன என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆட்டப் பக்கம்

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். இடப்பக்கம் ஆட்டம் தொடங்கும் முன்பே நிரப்பக்கூடியது: தேதி, கிழமை, சுற்று, விளையாட்டரங்கம், இரு குழுக்களின் முதல் பதினொருவர், மாற்று ஆட்டக்காரர்கள், நடுவர். வலப்பக்கம் முழுவதும் காலிக் கோடுகளாக ஆட்டத்துக்கு.

முடிந்தவரை நேரில் போங்கள். ஜாலான் புசார் விளையாட்டரங்கம் ஏறத்தாழ 6,000 பேர் அமரக்கூடிய இடம்தான். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், சிராங்கூன் சாலையில் இட்லியோ பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டுப் போனாலும் தொடக்க விசிலுக்குள் இருக்கையில் இருக்கலாம். அங்கே உட்கார்ந்தால் பயிற்றுநர் கத்துவதும், கோல்காப்பாளர் தற்காப்பு ஆட்டக்காரர்களை நகரச் சொல்வதும் காதில் விழும். தொலைக்காட்சிப் படப்பிடிப்பு பந்தையே துரத்தும். பந்தில்லாத இடத்தில் தசைப்பிடிப்போடு நடக்கும் ஆட்டக்காரரை அது காட்டாது. கூடுதல் நேரம்வரை போகும் ஆட்டத்தில் முடிவைத் தீர்மானிப்பது பல நேரங்களில் அந்த ஆட்டக்காரர்தான்.

நேரத்தைக் குறிப்பதில் கவனம் தேவை. ஆட்டக் கடிகாரம் 22 நிமிடம் 40 விநாடி காட்டும்போது விழுந்த கோல் 23ஆவது நிமிடக் கோல். கடந்த நிமிடத்தை அல்ல, நடந்துகொண்டிருக்கும் நிமிடத்தை எழுதுவதே வழக்கம். முதற்பாதியின் 45 நிமிடம் முடிந்து, ஈடுசெய்யும் நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் விழுந்தால் 45+2 என்று எழுத வேண்டும். அதை 47 என்று எழுதினால் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் விழுந்த கோலாகப் பொருள் மாறிவிடும். இந்தச் சிறு பிழையை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன்; இரண்டு நிமிடத் தவறு ஆட்டத்தின் கதையையே மாற்றிவிடுகிறது, ஏனெனில் இடைவேளைக்குச் சற்று முன் வாங்கும் கோலும் இடைவேளைக்குப் பின் வாங்கும் கோலும் ஒரு குழுவை வெவ்வேறு விதமாக உலுக்குகின்றன.

கோலுக்கு எதிரே போட்டவர் பெயரோடு, பந்து எப்படி வந்தது என்பதை நான்கைந்து சொற்களில் எழுதுங்கள்: ‘இடப்பக்க மூலை உதை, இரண்டாவது கம்பம், தலையால் முட்டியது’ என்பது போதும். சொந்த கோல் என்றால் அதைப் போட்டவரின் பெயரையும் அவர் குழுவையும் எழுதி, எந்தக் குழுவின் கணக்கில் சேர்ந்தது என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள். மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது நான்காம் நடுவர் தூக்கிக் காட்டும் மின்பலகையில் ஓர் எண் வெளியேறுபவருக்கு, மற்றொன்று உள்ளே வருபவருக்கு. ஒரே நேரத்தில் மூவரை மாற்றும்போது பலகையை மட்டும் நம்பினால் தவறிவிடும், உள்ளே ஓடி வருபவரின் முதுகு எண்ணைப் பார்த்தே எழுதுங்கள்.

மின்னல் எச்சரிக்கையால் ஆட்டம் நிறுத்தப்படுவது நம் ஊரில் புதிதல்ல. அப்போது ஆட்ட நிமிடத்தோடு உண்மையான மணி நேரத்தையும் எழுதுங்கள்: எந்த நிமிடத்தில் நின்றது, மணி என்ன, மீண்டும் எப்போது தொடங்கியது, தொடங்கியபோது எந்தக் குழுவிடம் பந்து இருந்தது. அரங்கில் எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பதையும் கண்ணளவாகக் குறிக்கலாம். ஆனால் கண்ணளவு என்று எழுத மறக்காதீர்கள். அதிகாரபூர்வ எண்ணிக்கை பின்னர் கிடைத்தால் பக்கத்தில் சேர்க்கலாம்.

பெனால்டி பக்கம்

கிண்ணப் பருவத்தில் பெரிதும் மதிக்கத்தக்க, அதே வேளையில் பெரிதும் குழப்பத்தோடு எழுதப்படும் பகுதி இது. 2017 இறுதியாட்டம்கூட, ஜப்பானிய ஆட்டக்காரர்களைக் கொண்ட அல்பிரெக்ஸ் நீகாத்தாவுக்கும் பிலிப்பீன்சின் குளோபல் குழுவுக்கும் இடையே, பெனால்டியில்தான் முடிவானது. அல்பிரெக்ஸ் 2015 முதல் 2018வரை தொடர்ந்து நான்கு முறை வென்ற வரிசையில் அது மூன்றாவது.

ஏட்டின் கடைசியில் நான்கைந்து பக்கங்களை முன்பே கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கட்டம் போட உங்கள் கை ஒத்துழைக்காது. மேலும் கீழுமாக இரண்டு வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டங்கள், பிறகு ஓர் இரட்டைக் கோடு, அதன்பின் இன்னும் ஆறு கட்டங்கள். முதலில் நாணயச் சுண்டலில் எந்தப் பக்க வலை தேர்வானது, இரண்டாவது சுண்டலில் யார் முதலில் உதைக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். முதலில் உதைக்கும் குழுவை மேல் வரிசையில் போடுங்கள். உள்ளே போன உதைக்கு வட்டம், கோல்காப்பாளர் தடுத்ததற்குப் பெருக்கல் குறி, கம்பத்தில் பட்டதற்கும் வெளியே போனதற்கும் ஒரு கோடு. தடுத்ததையும் தவறவிட்டதையும் ஒரே குறியால் காட்டினால் கோல்காப்பாளருக்கு அநீதி செய்கிறோம்.

எப்போது முடியும் என்பதையும் அந்தக் கட்டங்களே காட்டும். மேல் வரிசைக் குழு நான்கு உதைகளில் மூன்றை உள்ளே போட்டிருக்க, கீழ் வரிசைக் குழு நான்கில் ஒன்றை மட்டுமே போட்டிருந்தால், எஞ்சிய ஒரே உதையைப் போட்டாலும் இரண்டுக்கு மேல் போக முடியாது. ஆட்டம் அங்கேயே 3-1 என முடிகிறது, ஐந்தாவது கட்டங்கள் இரண்டும் காலியாகவே நிற்கும். அவற்றை நிரப்பாமல் விட்டுவிடுங்கள். அந்தக் கட்டத்துக்காக நடுவட்டத்தில் காத்திருந்த இருவர் அன்று உதைக்கவே இல்லை என்பதும் பதிவில் இருக்கட்டும். ஐந்துக்குப் பின்னும் சமம் என்றால் இரட்டைக் கோட்டுக்கு அப்பால் ஒவ்வொன்றாகத் தொடருங்கள். ஆட்டம் முடிந்தபோது களத்தில் இருந்தவர்கள் மட்டுமே உதைக்கலாம். சிவப்பு அட்டையால் ஒரு குழுவில் ஆள் குறைந்திருந்தால் மற்றக் குழுவும் தன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். யாரை விலக்கினார்கள் என்பதையும் எழுதுங்கள்.

இந்தக் கோல்களை ஆட்டத்தின் கோல் கணக்கோடு ஒருபோதும் கூட்டக் கூடாது. 2-2, பெனால்டியில் 3-1 என்பது 5-3 அல்ல. புள்ளிவிவரப்படி அந்த ஆட்டம் சமநிலைதான், பெனால்டி அடுத்த சுற்றுக்குப் போவது யார் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. பருவத்தின் அதிக கோல் போட்டவர் பட்டியலிலும் இவை சேராது.

பெயர்கள்

குழுக்களின் பெயர்கள் சிங்கப்பூரில் அடிக்கடி மாறியிருப்பதால் ஒரு தனிப் பக்கம் வேண்டும். 2000, 2001, 2003, 2005, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்ற ஹோம் யுனைடெட்தான் 2020 முதல் லயன் சிட்டி செய்லர்ஸ். ஆயுதப்படைக் குழுவாக 1999, 2007, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் வென்றது 2013இல் வாரியர்ஸ் எனப் பெயர் மாறியது. அதே பெயரில் 2019 இறுதியில் தெம்பினிஸ் ரோவர்சிடம் 3-4 எனத் தோற்றது. கேலாங் யுனைடெட் 2009இல் வென்றது, இன்று அது கேலாங் இன்டர்நேஷனல். ஆட்டப் பக்கத்தில் அன்றைய பெயரை மட்டுமே எழுதுங்கள். பெயர்ப் பக்கத்தில் இரண்டையும் கோட்டால் இணையுங்கள். பழைய வெற்றியைப் புதிய பெயரில் எழுதுவது, திருமணத்துக்கு முன் எடுத்த படத்தின் அடியில் மாமியார் வீட்டுப் பெயரை எழுதுவதைப் போன்றது.

வெளிநாட்டிலிருந்து அழைக்கப்பட்ட குழுக்களையும் தனியாகக் குறியுங்கள். 2010இல் தாய்லாந்தின் பேங்காக் கிளாஸ், தெம்பினிஸ் ரோவர்சை இறுதியில் வென்று நம் தேசியக் கிண்ணத்தை எடுத்துச் சென்றது. அந்தப் பருவத்தில் எந்த உள்ளூர்க் குழு யாரிடம் தோற்று வெளியேறியது என்பதில்தான் நமக்கான வரலாறு இருக்கிறது.

தமிழில் எழுதும்போது இடப்பெயர்களுக்கு ரயில் நிலையப் பலகையையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன். தெம்பினிஸ், ஹவ்காங், தஞ்சோங் பகார், பீஷான் என்று ஒரு முறை தீர்மானித்துவிட்டால் ஏடு முழுவதும் அதுவே. ஆட்டக்காரர்களின் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். வி. சுந்தரமூர்த்தியை ஆங்கில நாளிதழ்கள் பெரும்பாலும் சுந்தரம் என்றே சுருக்கின. இரண்டையும் இரண்டு பேராக எண்ணிவிடும் அபாயம் உண்டு. ஹோம் யுனைடெட்டின் தற்காப்பு ஆட்டக்காரர் எஸ். சுப்பிரமணி போன்றோரின் பெயர் சில பட்டியல்களில் தலைப்பெழுத்தோடும் சிலவற்றில் தந்தை பெயரோடும் வரும். நம் பெயர்களை நாமே சரியாக எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? மலாய், சீனப் பெயர்களுக்கும் இதே மரியாதை உரியது. ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு எழுதாமல் அச்சான பட்டியலைப் பார்த்து எழுதுங்கள், உச்சரிப்பில் ஐயம் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேளுங்கள்.

பழைய பருவங்கள்

நேரில் பார்க்காத பருவத்துக்கும் ஏடு எழுதலாம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகமும், தேசிய நூலக வாரியத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பும் இதற்குப் பெருந்துணை. தமிழ் முரசின் பழைய பக்கங்களும் அத்தொகுப்பில் இருக்கின்றன. சில ஆண்டுகளின் பக்கங்களை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும் என்பதால் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். ஆட்டம் நடந்த நாளின் இதழில் அல்ல, மறுநாள் இதழில் தேடுங்கள்; இரவு ஆட்டம் நீண்டுவிட்டால் அதற்கும் அடுத்த நாளில். ஒரு நாளிதழ் சொல்வதை இன்னொன்றோடு ஒப்பிட்டு, கோல் நிமிடங்கள் மாறுபட்டால் இரண்டையும் எழுதி எது எங்கிருந்து வந்தது என்பதையும் குறியுங்கள். தஞ்சோங் பகார் யுனைடெட் வென்ற 1998 போட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. முதல் பருவம் என்பதால் அப்போது செய்தியாளர்கள் விதிகளையும் விளக்கி எழுதியிருப்பார்கள்.

வெளியேறியோர் பக்கம்

ஆட்டங்கள் முடிய முடிய நிரப்ப வேண்டிய கடைசிப் பக்கம் இது. ஒரு குழு வெளியேறிய அன்றிரவே அதன் பெயரை எழுதி, எதிரே ஐந்து செய்திகளைச் சேருங்கள்: தேதி, இடம், எதிர்க்குழு, முடிவு, அந்தப் பருவத்தில் அக்குழுவுக்காகக் கடைசியாகக் கோல் போட்டவர். பிரிவுச் சுற்றிலேயே வெளியேறிய குழுவுக்கு, எந்த ஆட்டத்தின் முடிவால் வாய்ப்பு இல்லாமல் போனது என்பதையும் எழுதுங்கள். அது பெரும்பாலும் அவர்கள் ஆடிய ஆட்டமாக இராது, அதே நாளில் வேறோர் அரங்கில் நடந்த ஆட்டமாக இருக்கும். அரையிறுதியில் தோற்ற இரு குழுக்களுக்கும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் எஞ்சியிருப்பதால் அவற்றின் வரியை மட்டும் அதுவரை திறந்தே வையுங்கள். அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவாகவே வரும், அதிகம் ஆடாத இளையர்கள் பலருக்கு அன்றுதான் முதல் பதினொருவரில் இடம் கிடைக்கும். நீங்கள் சற்று முன்னதாகவே போய் அவர்கள் பெயர்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.